நிறைவு இரவு, பள்ளிப்பட்டு

ஒன்பது தறிக்கூடங்களுக்கும் நானேதான் போனேன்,
கையில் நெசவாளர் சங்கத்தின் முத்திரை குத்திய கடிதம்:
ஞாயிறு இரவு ஏழரை முதல் ஒன்பது வரை
தறிகளை நிறுத்தி உதவவும்.
மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவனிடம்
ஒன்றரை மணிநேரம் கேட்பது
அவன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுப்பதுதான்.
சங்கக் கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும்.

முதல் நான்கு இரவும்
வில் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரிந்தது.
காதுக்கு வந்து சேர்ந்ததெல்லாம்
லோகநாதன் கூடத்துத் தடக் தடக்.
மைக் வைக்கலாமே என்றதற்கு
விழா நடத்தும் நகரி பல் டாக்டர் சுகுணாகர்
பல்லில் கூச்சம் வந்தவர் போல முகத்தைச் சுளித்தார்.
"அறைக்குள்ள வாசிக்க எழுதினதும்மா இது.
நாலு பேர் பேசிக்கிற மாதிரி."

லோகநாதன் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.
"நிறுத்துறோம். நிறுத்திட்டு
சும்மா குந்திக்கினு என்ன பண்றது?
நாங்களும் வரலாமா?"

வந்தார்கள்.
லுங்கிக்கு மேல் இஸ்திரி போட்ட சட்டை,
புருவத்தில் பஞ்சுத் தூசி.
"தாசில்தார் அலுவலகம்" என்று நான் எழுதி ஒட்டிய
தாள்களின் மேலேயே உட்கார்ந்தார்கள், பதினொரு பேர்.
தாசில்தார் வரவில்லை. நல்லது.

புத்தூர் பிரமராம்பா
செல்லோவுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து
பஸ்ஸில் அதை ஜன்னலோரம் உட்காரவைத்து வந்தவள்.
அதன் இரும்புக் காலை மேடைப் பலகையில் ஊன்றினாள்.
அரக்கோணம் இன்னாசி வியோலா.
வயலின்கள் இரண்டும் கடப்பை அக்கா தங்கை,
காலையில் சண்டை, இப்போது பேச்சு இல்லை;
வாசித்தால் மட்டும் ஒருத்தி மூச்சை இன்னொருத்தி எடுத்தாள்.

முனிரத்தினத்துக்குக் காது போய்ப் பல வருடம்.
உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.
பழக்கத்தில் முதலில் நால்வரின் உதடுகளையும் பார்த்தார்.
அங்கே ஒன்றும் இல்லை.
பிறகு செருப்பைக் கழற்றி
மேடைப் பலகையின் விளிம்பில்
வலது பாதத்தை வைத்தார்.
அதற்கப்புறம் அவர் எதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது பகுதி மெதுவானது.
அப்போதுதான் தெரிந்தது
நம் ஊருக்கு இவ்வளவு அமைதி உண்டென்று.
காற்று திரும்பும்போது மட்டும்
தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு தறி.
அவர்களுக்குத் தெலுங்கில் கடிதம் எழுத
எனக்குத் தோன்றவில்லை.

இன்னாசியின் வில்லில் ஓர் இழை அறுந்தது.
விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தொங்கி ஆடியது.
முன்வரிசையில்
பதினொரு கைகள் ஒரே சமயத்தில் எழுந்தன,
அங்கே இல்லாத தறியின் கைப்பிடியை நோக்கி.
இழை அறுந்தால் நிறுத்தணும்.
நிறுத்தாவிட்டால் கோடு விழும்,
துணி செகண்ட்ஸில் போகும்,
சனிக்கிழமை பிடித்தம்.

இன்னாசி நிறுத்தவில்லை.
அறுந்த இழை ஆட ஆட
அந்த நீண்ட வரியை முடிவுவரை கொண்டுபோனான்.
தனக்கு ஓய்வு விழுந்த இடத்தில்
அதை வெடுக்கென்று இழுத்துக் கீழே விட்டான்.
துணியில் கோடு விழவில்லை.
கைகள் ஒவ்வொன்றாக முழங்காலுக்கு இறங்கின.
தயாளனுடையது மட்டும் கடைசிவரை
பாதி வழியில் நின்றது.

கைதட்டல் ஓயுமுன் முனிரத்தினம் மேடையில் ஏறி
இழையைப் பொறுக்கினார்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி,
தறிக்கூடத்தில் பேசுகிற அதே சத்தத்தில் கேட்டார்:
"எத்தனாம் நம்பரு நூலு?"
"குதிரை வால்."
இன்னாசியின் உதட்டை அவர் நம்பவில்லை.
"குதிரையா?"
"ஔனு, குர்ரமே," என்று பிரமராம்பா
வாலைக் காற்றில் வரைந்து காட்டினாள்.
அவர் அதைச் சுருட்டிப் பீடிக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஒன்பது பத்துக்கு லோகநாதன் கூடம் முதலில் பிடித்தது.
அப்புறம் தெரு முழுக்க.
டாக்டர் என்னிடம் ஏதோ சொன்னார்.
உதட்டைப் பார்த்தேன். நன்றி என்பதாக இருக்கலாம்,
நாற்காலி என்பதாகவும் இருக்கலாம்.

எண்ணிப் பார்த்தேன். நூற்றிருபதில்
மூன்று குறைகிறது.