பதினான்கு மைல்

பிப்ரவரி. கிரேஞ்ச் மன்றத்தில்
அடுப்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
நாங்கள் பதினொரு பேர், தொலைபேசி இரண்டு.
ஓடெட் தாளை நீட்டினாள்:
பெயர் சொல், ஊர் சொல், மசோதா எண் சொல்.
திட்டாதே.
அதன் கீழே மட்டும் இரண்டு கோடு;
போன வருடம் நான் திட்டியிருந்தேன்.

பாலத்தில் மூன்று டன்னுக்கு மேல்
ஏறக் கூடாதென்று பலகை.
அக்டோபரில் தீயணைப்பு வண்டி
அதைப் படித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தது
ஆல்டன் திபோடோவின் மாட்டுக்கொட்டிலுக்கு.

ஆல்டன் எண்களை அழுத்தினான்.
செனட்டர் இல்லை.
ஒரு நிமிடம் தருகிறேன் என்றது இயந்திரம்.
பெயர் சொன்னான். ஊர் சொன்னான்.
மசோதா எண் தாளில் இருந்தது,
கண்ணாடி கோட்டுப் பையில்.
அப்புறம் வெறும் மூச்சு.
யாரும் காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.
"பதினான்கு மைல் சுற்று" என்றான்.
"மாடுகள் கட்டிக் கிடந்தன."
பீப்.

வியாழக்கிழமை மன்றத்துக்கே அழைப்பு.
அகஸ்டாவிலிருந்து ஒரு பையன்,
செனட்டரின் உதவியாளனாம்.
மசோதாவைப் பற்றி மூச்சு விடவில்லை.
அந்த ஓடையின் பெயரை
எப்படி எழுதுவது என்று கேட்டான்.

ஓடெட் எழுந்து நின்று
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
மறுபடியும், இன்னும் மெதுவாக.
"எழுதிவிட்டாயா?" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.
திட்டவில்லை.