வினைத்தொகை

ஈசூனில், பதினோராம் மாடி வீவக வீட்டில்,
மேடம் குவெக்கின் குளிர்பெட்டிக் கதவில்
மீன் காந்தம் பிடித்திருக்கும் தாளில்
ஒன்பது விதிகள்.
நான்காவது: சமையல் கூடாது.
கெட்டில் மட்டும் சரி.
எனக்கென்று நடுத்தட்டு,
அதிலும் இடது பாதி.

நெருப்பில்லாமல் எதைச் செய்யலாம் என்று
ஏழு மாதம் யோசித்தேன்.
ரொட்டி. தயிர். பிறகு ரொட்டி.
காரம் என்று எழுதிய பொட்டலங்களைப் பிரித்தால்
உள்ளே இனிப்புதான் இருந்தது.

ஞாயிறு காலை ஈரச்சந்தையில்
ஜப்பான் வெள்ளரி, நான்கு காய்.
இறுக்கமான பச்சை, தோலில் சின்னச் சின்ன முள்.
சில்லி பாடியை ஒரு கை அள்ளிப் போட்டு
காசு வேண்டாமென்றார் கடைக்காரர்.
"இத்தனையும் நீயா தின்பாய்?" என்று
மலாயில் கேட்டுச் சிரித்தார்.

அறையில் செய்தித்தாள் விரித்து
பழக்கத்தியால் நறுக்கினேன்,
வட்டம் வட்டமாக,
சில வட்டங்கள் கோணலாக.
கல்லுப்பு தூவி இருபது நிமிடம்.
காயை முதலில் அழவிட வேண்டும் என்பார்கள்.
எனக்கு அது அழுகையாகத் தெரியவில்லை.
பேருந்தை ஓடிப் பிடித்தவளின்
மேலுதட்டு வியர்வை.

கெட்டில் கொதித்து அணைந்தது.
வினிகர் ஒரு பங்கு, வெந்நீர் ஒரு பங்கு,
சர்க்கரை இரண்டு கரண்டி,
ருசி பார்த்து இன்னும் அரை.
பூண்டைப் பெட்டியின் பூட்டால் நசுக்கினேன்.
கடுகைத் தாளிக்கவில்லை,
தாளித்தால் விதி நான்கு.
வெடிக்காத கடுகு
போத்தலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மிளகாய் கீறிய விரலை மறந்து
காண்டாக்ட் லென்ஸைக் கழற்றப் போனேன்.
அடுத்த கால்மணி நேரத்தைப் பற்றி
இங்கே எழுதுவதாக இல்லை.

மூடியில் சீட்டு ஒட்டினேன்,
நாள் முழுக்க ரத்தக்குப்பிகளுக்கு ஒட்டும் கை.
வெள்ளரி. பிற்பகல் 2.20.
நாளை வரை திறக்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில்
இன்னும் மறக்காதது ஒன்றுதான்.
ஊறுகாய்: வினைத்தொகை.
ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்.
காலம் காட்டும் எழுத்து உள்ளே மறைந்துவிடும்.
ஐந்துக்கு நான்கு மதிப்பெண்.
மறைந்த காலம் எங்கே போகிறதென்று
அவர்களும் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன்.
குளிர்பெட்டி திறந்திருந்தது.
அந்த மஞ்சள் வெளிச்சத்தில்
இரவு உடையில் மேடம் குவெக்,
கையில் குச்சிகள்,
பல்லிடுக்கில் பாதி வட்டம்,
கண்ணில் நீர்.

யாருடைய திருட்டு இது என்பதுபோல
இருவரும் நின்றோம்.
"இது சமையலா?" என்று கேட்டார்.
"இல்லை. நெருப்பே இல்லை."
தீர்ப்பெழுதப் போகிறவர் போல யோசித்தார்.
இன்னொரு துண்டு எடுத்தார்.
ஹூ என்று வாயால் காற்றிழுத்து,
மூக்கைத் துடைத்து,
இன்னொன்று.

"நாளைக்குத்தான் சரியாக ஊறும்" என்றேன்.
"நாளைக்கு நாளையதைச் சாப்பிடுகிறேன்.
இது இன்றையது."
எனக்கும் ஒன்றை நீட்டினார், என் போத்தலிலிருந்தே.
கடித்தபோது சத்தம் பெரிதாகக் கேட்டது.
நடுவில் இன்னும் பச்சை வாசம்,
ஓரத்தில் மட்டும் உறைப்பு.
குளிர்பெட்டி கதவை மூடச் சொல்லிக்
கீச் கீச்சென்று கத்தியது.

வியாழனன்று போத்தலில்
பூண்டும் ஒரு மிளகாய்க் காம்பும்தான் மிச்சம்.
நான்காம் விதி அப்படியே இருக்கிறது,
மீன் காந்தம் கொஞ்சம் சரிந்து.
என் பாதித் தட்டில் ஒரு சிவப்புப் பை,
பைக்குள் ஆறு வெள்ளரிகள்.

பார்த்து வாங்கத் தெரியவில்லை அவருக்கு.
எல்லாம் முற்றல்.
விதையை வழித்துப் போட வேண்டும்,
தோலையும் சீவ வேண்டும்,
உப்பு அரைமணி நேரமாவது பிடிக்கும்.

கெட்டிலை நிரப்பினேன்.