அறுபது மணி நேரம்

த்ரோண்ட்ஹைமில் ஜனவரி.
ஒன்பதரைக்கு வரும் சூரியன்
மூன்றேகாலுக்கே கடையைக் கட்டிவிடுகிறது.
எங்கள் சோதனைக்கூடத்தில்
பகலுமில்லை இரவுமில்லை,
மணிக்கணக்கு மட்டும்.

பதினைந்து மைக்ரான் படலம்.
தலைமுடியை நீளவாக்கில் ஐந்தாய் வகிர்ந்தால்
அதில் ஒன்று.
இந்தப் பக்கம் ஹைட்ரஜன், அந்தப் பக்கம் காற்று.
எலெக்ட்ரானைக் கழற்றி வைத்துவிட்டு
வெறுங்கையோடு வரும் புரோட்டானுக்குத்தான் வழி.
எலெக்ட்ரான் ஊரைச் சுற்றிக்கொண்டு வரட்டும்.
அந்தச் சுற்றில்தான்
படகு ஃபியோர்டைக் கடக்கிறது,
ஊட்வாரின் காப்பி கொதிக்கிறது.

நனைத்தோம். காயவிட்டோம். நனைத்தோம்.
ஊதியது, சுருங்கியது, ஊதியது.
தன்னுள்ளேயே பிறந்த பெராக்சைடு
சங்கிலிகளின் நுனியிலிருந்து கரையானாய் அரிக்க,
காவலுக்கு ஒரு சிட்டிகை செரியம்.
பெயர் வைக்கவில்லை, எண்தான்: பி-நாற்பத்தொன்று.
ஆனாலும் காலையில் வந்ததும்
எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிடுவேன்,
யாரும் இல்லையென்றால்.

நேற்று விடிகாலை நாலு மணிக்கு
மின்னழுத்தக் கோடு
கொஞ்சம் தயங்கி
விழுந்தது.
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
ஒப்பந்தத்தில் எட்டாயிரம்.

"அறுபது மணிதானே, ரங்ஹில்.
ஒரு வாரக்கடைசி.
எட்டாயிரம் என்றே எழுதிவிடேன்."
ஊட்வாரைக் குறை சொல்லமாட்டேன்.
அவருக்கு மேலே ஆட்கள்,
அவர்களுக்கு மேலே
ஓஸ்லோவில் ஒரு மேசை.

சட்டத்தைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தேன்.
நடுவில்தான் தேடினேன், அங்கேதானே வேலை நடந்தது.
நடுப்பகுதி மஞ்சளேறி மெலிந்திருந்தது, அவ்வளவுதான்.
ஓட்டை ஓரத்தில்,
ரப்பர் விளிம்பு அழுத்திய இடத்தில்.

சட்டத்தின் திருகுகளை முடுக்கியது
நான்.
பிப்ரவரி கடைசியில், பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று,
அளவுமானியைத் தேடாமல்,
கை சொன்னபடி
அரைச் சுற்று கூடுதலாக.
கை பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை.

7940 என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
திருகைப் பற்றி எழுதி, அழித்து,
மறுபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.
ஊட்வார் இரண்டு முறை படித்தார்.
பிறகு அலமாரியைத் திறந்து
பி-நாற்பத்திரண்டை எடுத்து
அளவுமானியோடு என் பக்கம் நகர்த்தினார்.

மாலை, நிறுத்தத்தில்
எரிகலப் பேருந்து சத்தமின்றி நின்றிருந்தது.
பின்குழாயிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி
பனியில் ஒரு சின்ன ஓட்டை.
குனிந்து அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏறுகிறீர்களா இல்லையா என்று
ஓட்டுநர் கேட்டார்.