வாய்ப்பூட்டு

பொங்கிவரும் திராட்சைச் சாற்றில் சாராயம் ஊற்றி
நடுப்பேச்சில் அதை நிறுத்துவதற்கு
மோரியில் நாங்கள் வைத்திருக்கும் பெயர்
ஊமையாக்குதல்.
மிச்சச் சர்க்கரை எரியாமல்
திகைத்து நின்றுவிடும்.
இனிக்கிறது என்று நீங்கள் சப்புக்கொட்டுவது
அது சொல்லாமல் விட்ட பாதியை.

சாராயத்துக்குத் தீர்வை உண்டு.
ஆகவே ஒவ்வொரு செப்டம்பரும்
பெர்ப்பிஞ்ஞானிலிருந்து ஓர் அதிகாரி வருவார்,
முத்திரை உடைக்க, அளக்க, எழுத.
பதினோரு அறுவடையாக அவர் கெர்மாரெக்.
பிரெத்தோன்காரர், மழையில் பிறந்தவர்.
எங்கள் வடகாற்றிடம் இரண்டு தொப்பி தோற்று
மூன்றாம் ஆண்டு வெறுந்தலையோடு வந்தார்.
"இந்தப் பலகைக்கல் சில்லிலா வேர் பிடிக்கிறது?"
"வேறு இடம் யார் கொடுத்தார்கள் அதற்கு" என்றேன்.
சிரித்தார். முன்பல்லில் மயிரிழை விரிசல்.

அந்த ஆண்டு சாறுக்கு அவசரம்.
எட்டேகாலுக்கே மிதவைமானி
நான் வேண்டிய கோட்டில் வந்து நின்று
இப்போது, இப்போது என்று தலையாட்டியது.
எடுத்தேன். துடைத்து மேசையில் கிடத்தினேன்.
"இன்னும் கொஞ்சம் போகட்டும், மிஸ்யே கெர்மாரெக்."

சாராயம் விழுந்துவிட்டால்
கையெழுத்து, கைகுலுக்கல்,
வளைவில் திரும்பும் வண்டியின் சிவப்பு விளக்கு.
பத்து முறை பார்த்திருக்கிறேன் அந்த விளக்கை.

ரொட்டி வைத்தேன். உப்பிட்ட நெத்திலி வைத்தேன்.
அவர் அம்மாவின் மூட்டுவலி பற்றிப் பேசினோம்,
பிறகு என் டிராக்டரின் மூட்டுவலி.
நான்த்துக்கு மாற்றல் வந்துவிட்டது என்றார்,
ஒரு முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே.
நான் உப்புக்கிண்ணத்தை
அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினேன்.
தொட்டிதான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

பத்தும் கழிந்து ஊற்றினோம்.
அடங்கிய கூடத்தில்
சுவரில் ஏதோ பூச்சி நடப்பது கேட்டது.

கண்ணாடிக் குடுவைகளில் ஓராண்டு
முற்றத்து வெயில் குடித்தது அந்தத் தேறல்.
பிறகு பீப்பாயில் ஆறாண்டு.
செங்கல் நிறம், உலர்ந்த அத்தி, வாதுமைத் தோல்,
அடியில் ஒரு கசப்பு.
சுவைத்து மதிப்பெண் இடுகிறவர்கள் எழுதினார்கள்:
இந்தத் தோட்டத்தின் வழக்கத்தைவிட இனிப்புக் குறைவு;
துணிச்சலான முடிவு.

துணிச்சலாம்.

நேற்று வேறு எதற்கோ பழைய ஏட்டைப் புரட்டினேன்.
சாய்ந்த எழுத்து, நீல மை:
ஊமையாக்கிய நேரம், இரவு எட்டு பதினைந்து.
அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை.
மேலே குடியரசின் முத்திரை, கோணாமல்.

மிதவைமானியை அவருக்கும் படிக்கத் தெரியும் என்பது
எனக்கு ஏன் தோன்றவில்லை?

கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.
வாசிக்காமல் போட்டிருக்கிறேன்.