கோட்டின் தடிமன்

அரை மில்லிமீட்டர்.
தகராறு அவ்வளவுதான்.

நரின் மலைகளில் ஜூன் மாதம்.
மேய்ச்சல் குழுவின் அறையில்
கணப்பை இன்னும் அணைக்கவில்லை.
மேசைமேல் எழுபத்தெட்டில் அச்சான தாள்,
மூலைக்கொன்றாய் நான்கு தேநீர்க் கிண்ணங்கள் அழுத்திப் பிடித்தும்
சுருண்டுகொள்ளவே பார்க்கிறது.
டாங்கிகளுக்காக வரைந்தது.
நான் அதில் ஆடுகளை நடத்துகிறேன்.

நிலப் பதிவேட்டு எழுத்தர் நான்.
எனக்கென்று ஒரு ஆடுகூடக் கிடையாது,
அதனால்தான் கூப்பிடுகிறார்கள்.
இந்தப் பக்கம் புருலாய், முந்நூற்று இருபது தலை.
அந்தப் பக்கம் கியால்பெக்,
தலைக்கணக்கை வரி அதிகாரிக்கும் சொல்லாதவர்.
முதலில் வாசிக்கிறேன், பிறகு அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பழுப்புக் கோடுகள் உயரம்.
நாற்பது மீட்டருக்கு ஒன்று.
நெருங்கி நின்றால் குதிரைக்கு மூச்சு வாங்கும்,
விலகி நின்றால் கூடாரம் போடலாம்.
கோடு பள்ளம் நோக்கிப் பிதுங்கினால் முகடு;
மேடு நோக்கி மூக்கை நீட்டினால் ஓடை.
அதே கோடு நீலத்தில் வந்தால்
மண் அல்ல, பனியாறு.
கியால்பெக் அந்த நீலத்தில் விரல் வைத்து
"போன வருஷம் இங்கே ஜீப்பை நிறுத்தினேன்" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

ஆற்றின் குறுக்கே ஒரு பின்னம்.
மேலே ஆழமும் அகலமும்,
கீழே 'கல்' என்றொரு சொல், நீரின் வேகம்.
யாரோ ஒரு சிப்பாய் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
பல் கிட்டிக்க அங்கே நின்றிருக்கிறான்.
அவன் தொடை நனைந்த அளவு
இன்னும் காயவில்லை.

கவனம் வேண்டியது கோடுகளில் அல்ல, நடுவில்.
முப்பத்தெட்டு மீட்டர் செங்குத்துப் பாறை
இரண்டு கோடுகளுக்கு இடையே
மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும்.
தாள் பொய் சொல்லவில்லை,
நாற்பதுக்குக் குறைந்ததை அது பேசுவதில்லை.
புருலாயின் நான்கு கிடாய்கள்
அதை வாசித்துத் தெரிந்துகொண்டன.

சரி, எல்லை.
கூட்டுப்பண்ணையைக் கலைத்த வருஷம்
யாரோ அவசரத்தில் இழுத்த பென்சில் கோடு.
முகட்டோடு ஒழுங்காகத்தான் வருகிறது.
கணவாயில் இறங்கும் இடத்தில்
தெகெ-புலாக் ஊற்று, ஒரு நீலப் புள்ளி.
கோடு அதன்மேல் ஏறிப் போகிறது.

பென்சில் மொக்கை.
லட்சத்தில் ஒன்று என்ற அளவையில்
அந்த மொக்கையின் அகலம் ஐம்பது மீட்டர்.
ஊற்றுக்கண், மரத்தொட்டி, சேறு,
சேற்றில் எப்போதும் நிற்கும் அந்தக் கழுதை,
அத்தனையும் கோட்டுக்குள் அடக்கம்.

"கோட்டுக்கு எந்தப் பக்கம்?"
உள்ளே.
"உள்ளே என்றால் யாருடையது?"
சிவலை எடுத்துப் பென்சிலைச் சீவினேன்,
பதில் சொல்லாமல் இருக்க ஒரு வேலை வேண்டுமே.
சுருள் சுருளாய் மரம் உதிர்ந்தது.
மெல்லிய முனையால் இழுத்தால் ஒருவருக்கு ஊற்று,
இன்னொருவருக்கு வழக்கு.
எந்த ஓரத்தை ஒட்டி இழுக்க?

மறுநாள் மூன்று குதிரைகளில் போனோம்.
கோடு தரையில் இல்லை, தெரிந்ததுதான்.
சிவப்புச் சாயமிட்ட ஆடும் நீலச் சாயமிட்ட ஆடும்
ஒரே தொட்டியில் மூக்கை முக்கியிருந்தன.
தொட்டியின் அடியில் விரிசல்.
யார் கோட்டில் ஒழுகுகிறது என்று
கியால்பெக் குனிந்து பார்த்துவிட்டு,
சும்மா நிமிர்ந்தார்.

பதிவேட்டில் எல்லைக்கு நீளம் எழுதக் கட்டம் உண்டு.
அகலத்துக்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஐம்பது மீட்டர், ஈரம், தொட்டிச் செலவு பாதிப் பாதி.

கியால்பெக் முனகிக்கொண்டே கையெழுத்திட்டார்.
புருலாய் என் பேனாவை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"முனை ரொம்ப மெல்லிசு," என்றாள்,
"வேற கொடு."