இலோனாவுக்குப் பக்கத்தில்

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் தாளைச் செருகிவிட்டு
குளிக்கப் போய்விட்டான்.
பெற்றோர் ஒப்புதல் என்று போட்டு
இரண்டு வெற்றுக் கோடுகள்.
பதினாறு வயது டிமோனுக்கு
வலது முன்கையில் பச்சை குத்த வேண்டுமாம்.
நத்தை.
ஏன் நத்தை என்றேன், கதவுக்கு வெளியே நின்று.
தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே
சும்மா
என்று வந்தது பதில்.

கடைசி டிராலிபஸ்ஸை நிறுத்திவிட்டு
ராடெக் வீடு வரும்போது பன்னிரண்டே கால்.
சூப்பைச் சுடவைத்தேன், தாளைக் காட்டினேன்.
கூடவே கூடாது என்று
கரண்டியோடு கையை ஓங்கினான்.
சட்டைக்கை மேலேறியது.
அங்கே இருந்தாள் இலோனா.

பத்தொன்பது வருடமாக என் கட்டிலில்தான் உறங்குகிறாள்.
கடற்படையில் அவன் கட்டாயச் சேவை செய்த காலம்,
க்டீனியா துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அறை,
எவனோ நண்பன், ஒரு தையல் ஊசி, பேனா மை.
ஐந்தெழுத்து.
அந்த இளவேனில் முடிவதற்குள்
அவள் ஒரு பல் மருத்துவனோடு போய்விட்டாள்.
எழுத்து போகவில்லை.
கறுப்பாய்க் குத்தியதை
வருடங்கள்தாம் பச்சையாக்கின.

முதலில் நான் அந்தக் கைப்பக்கம் படுக்கமாட்டேன்.
பிறகு டிமோன் பிறந்து
பச்சை உடம்புக்காரியாய் நான் கிடந்த நாட்களில்
இரவெல்லாம் அவனைச் சுமந்து நடந்தது அந்தக் கை.
இலோனாவின் மேல் என் பிள்ளையின் எச்சில் வழிந்தது.
அன்றிலிருந்து
அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை உண்டு.

இதைப் பார்த்துமா கேட்கிறாய் என்றான்.
இதைப் பார்த்துத்தான் அவனும் கேட்கிறான் என்றேன்.
சூப் ஆடை கட்டியது.

சலவைக்கடையில் பதினோரு வருடம் நிற்கிறவள் நான்.
பீட்ரூட், சிவப்பு ஒயின், சைக்கிள் சங்கிலி எண்ணெய்,
எந்தக் கறை போகும்
எது துணி கிழியும்வரை கூடவே இருக்கும்
தொட்டதும் சொல்லிவிடுவேன்.
மேசைமேல் கிடந்த தாளைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
சரி என்றால், நாளைக்கு அவன் திட்டப்போவது எங்களை.
கூடாது என்றால்,
எவனாவது நண்பன், ஒரு தையல் ஊசி.

இரண்டு மணிக்கு ஒரு முடிவு,
முடிவென்று அதைச் சொல்லலாமென்றால்:
நூறு நாள் பேனாவால் வரைந்துகொள்ளட்டும்.
குளித்தால் அழியும், மறுநாள் மீண்டும் வரையட்டும்.
நூறாம் நாளும் நத்தைதான் என்றால் கையெழுத்து.
பத்து நாள் தாங்கமாட்டான் பார் என்று
தன் சாமர்த்தியத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினான் ராடெக்.

ஒன்றை மறந்திருந்தோம்.
பையன் வலக்கைக்காரன்.
வலக்கையால் வலக்கையில் எப்படி வரைவான்?

ஆகவே தினமும் காலை ஆறு நாற்பதுக்கு
ரொட்டி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில்
ஒரு கை வந்து மல்லாந்து கிடக்கிறது.
நான் வரைகிறேன்.
முதல் நாள் உருளைக்கிழங்கு.
நான்காம் நாள் கொம்பு முளைத்தது.
சுருளை உள்ளேயிருந்து தொடங்கு அம்மா என்றான்
ஒன்பதாம் நாள்.
இந்த வருடம் முழுக்க
ம், இல்லை, தெரியாது
இவற்றைத் தாண்டிப் பேசாதவன்
இந்த நான்கு நிமிடத்தில் பேசுகிறான்:
வேதியியல் ஆசிரியரின் பூனை,
மூன்று நாளாக வகுப்புக்கு வராத யாக்னா.
யாரந்த யாக்னா என்று கேட்டுவிடாமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஓட்டின் இரண்டாம் சுற்றை வளைக்கிறேன்.
நரம்பு பேனாவுக்குக் கீழே துடிக்கிறது.
எப்போது இவ்வளவு முடி வந்தது இந்தக் கையில்?

நேற்று நாற்பத்து மூன்றாம் நாள்.
ராடெக்குக்கு ஓய்வு நாள், தூங்கியிருக்கலாம்.
எழுந்து வந்து எங்கள் தலைக்குமேல் நின்றான்.
கொம்பு இரண்டும் ஒரே நீளமில்லை என்றான்.
நத்தைக்கு அப்படித்தான் என்றான் டிமோன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டு
சட்டைக்கையைச் சுருட்டினான்.
இங்கே இடமிருக்கிறதா?

கடைசி எழுத்துக்கு அப்பால்
ஒரு காசு அகலம் இருந்தது.
எந்தப் பக்கம் போகிற மாதிரி வரையட்டும் என்றேன்,
அவளை நோக்கியா, அவளை விட்டா?
இருபத்தெட்டு வருடத்துக்கு முன்
அந்த அறையில் யோசிக்காததையும் சேர்த்து
யோசித்தான்.

டிமோனுக்குப் பஸ் போய்விட்டது.