ஹால்டிங்

விரகனூர் ரவுண்டானா தாண்டி
ஒரு வேப்பமர நிழலில்
பாதி வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.
மீதிப் பாதி வெயிலுக்கு.
நாசிக்கில் ஏற்றிய வெங்காயம்.
பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள்,
கீழமாரட் வீதி எங்களுக்குத் திறப்பது
ராத்திரி பத்து மணிக்கு.
இப்போது காலை பதினொன்றே கால்.

ஐராவதநல்லூர் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.
அந்தக் கல்யாண மண்டபம் மட்டும் நடுவில் இல்லையென்றால்
என் வீட்டு மொட்டைமாடியில்
என்ன காய்கிறதென்று சொல்லிவிடுவேன்.

போக முடியாது.
கிளீனர் சம்பளத்தை நிறுத்தி மூன்று வருஷம்.
தார்ப்பாயை அறுத்து எவனாவது
இரண்டு மூட்டை உருவினால்
அது என் சம்பளத்திலிருந்து உருவியது.
மணிக்கொரு தரம் கப்பலூரிலிருந்து சிக்கந்தர் கூப்பிடுவார்.
"அறுபத்திரண்டு பதினாலு, ஒரு போட்டோ அனுப்புப்பா.
வண்டியோட நீயும் தெரியணும்."
என் பெயர் அவருக்குத் தெரியும்.
என் மகள் காதுகுத்துக்கு வந்து
இருநூற்றொன்று மொய் எழுதியவர்தான்.
ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் நம்பர்தான் வரும்.
"அப்போ ஹால்டிங் போடுவீங்களாண்ணே?"
"கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்."

அந்த அஞ்சு நிமிஷம்
போன தீபாவளியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நாக்பூரில் நின்றால் நாளுக்கு நானூறு, இரண்டாம் நாளிலிருந்து.
சோலாப்பூரில் நின்றாலும் அப்படியே.
மதுரையில் நின்றால் ஒன்றும் கிடையாது.
சொந்த ஊராச்சே,
அது ஓய்வாம்.
டிரிப் ஷீட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள்:
ஓய்வு, பதினொரு மணி நேரம்.

ஓய்வென்றால்
ஸ்டியரிங்கில் கால் போட்டு
கேபின் தகரம் கொதிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது.
ஓய்வென்றால்
பின்னால் பத்தொன்பது டன்
மெல்ல மெல்ல மூச்சு விடுவது.
வெங்காயம் மூச்சு விட்டால் எடை குறையும்.
ஏற்றும்போது இருந்த ஈரம்
இறக்கும்போது இருக்காது.
எடைச்சீட்டில் போன தடவை நூற்று எழுபது கிலோ குறைந்தது.
வெயில் குடித்த தண்ணீருக்கு
என்னிடம் பிடித்தார்கள்.

கணக்குப்பிள்ளை மேசையில் ஒரு கால்குலேட்டர்.
எண்களெல்லாம் புதுசு மாதிரி இருக்கின்றன,
கழித்தல் பொத்தானில் மட்டும்
கோடு அழிந்து
வழவழவென்று வெள்ளையாகிவிட்டது.
செக்போஸ்டில் கொடுத்ததற்கு ரசீது எங்கே என்கிறார்.
ரசீது கொடுக்கிறவன் ஏன் சார் காசு கேட்கப் போறான்?
அவர் சிரிக்கவில்லை.
தட்டினார். தட்டினார்.
கடைசியில் கண்ணாடிக்குள் நின்றது
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து,
ஒன்பது நாளுக்கு.

எனக்கு முன்னால் நின்ற ஒச்சப்பனுக்கு
மைனஸில் வந்திருந்தது.
அவன் கம்பெனிக்கு அறுநூறு தரணும்.
வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான்.
"கடன்காரன் கையால குடி மாப்ளே" என்றான்.

ஆறரைக்குப் பஞ்சவர்ணம் வந்தாள்,
ஷேர் ஆட்டோவில்,
மடியில் தூக்குச்சட்டியோடு.
கல்யாணமாகி பதினாறு வருஷத்தில்
இந்த கேபினில் அவள் ஏறியதில்லை.
முதல் படி உயரம்; கையைக் கொடுத்தேன்.
சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலகையைப் பார்த்தாள்,
சுருட்டிய பாயை, சோப்பு டப்பாவை,
கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய சாமி ஸ்டிக்கரை.
பலகையை உள்ளங்கையால் ஒருமுறை அளந்தாள்.
"காலை நீட்டவே முடியாதே."
"மடக்கிக்குவேன்."
வேறொன்றும் கேட்கவில்லை.
அயிரை மீன் குழம்பு.
அவள் வாங்கியிருக்கக் கூடிய விலையில்லை அது.

முதல் உருண்டையைப் பிசையும்போது போன்.
"அறுபத்திரண்டு பதினாலு,
இன்னிக்கு முன்னாடியே விடுறாங்களாம், எடு வண்டியை.
இறக்கிட்டு நேரா வாடிப்பட்டி, அங்க லோடு ரெடி."
வாடிப்பட்டி என்றால் விடிந்ததும் மறுபடி வடக்கே.
அவள் என் முகத்தைப் பார்க்காமல்
ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெல்லாம் குழம்பு.
சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தொட்டு
சொன்னேன்:
"அஞ்சு நிமிஷம்ண்ணே."

அந்தப் பக்கம் ஒன்றும் பேச்சில்லை.
கப்பலூரில் ஃபேன் சுற்றும் சத்தம்
எங்கள் கேபினுக்குள் கேட்டது.
இதற்கும் எதையாவது பிடிப்பார்கள்.
இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.